அண்ணாந்து பார்த்த குற்றம்

என் வீட்டுக்காரர் காளிதாஸ் நலமாக இருப்பதாக ஆய்வு நிலையத்திலிருந்து கடிதம் வந்தபோது, அவருக்கு வருஷத் திதி கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

“தங்கள் கணவர், எமது நிலையத்தின் கணினிச் சோதனையில், தீ தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் நல்ல உடல்நிலையில் இருந்தார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். நேரில் வந்து பார்வையிட்டு ஒப்புதல் கையொப்பம் இடவும்” என்று எழுதியிருந்தது. சாம்பலைக் காவிரியில் கரைத்தவளே நான்தான். இருந்தும் இரண்டாம் தடவை படித்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். தனசேகர் என்பவரின் நூல்மில்லில் தீப்பிடித்தது. கூரையைத் தாங்கிய இரும்பு கர்டர் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. வளைந்து, கூரையோடு கீழே வந்துவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் தப்பித்தார்கள், என் தங்கை பிரபா உட்பட. அதே மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. இப்போது தனசேகர் அயோத்தியாப்பட்டணத்தில் புது ஷெட் போட்டிருக்கிறார். அதே கர்டர், அதே கனம். இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் என்று நிலையம் சான்று கொடுத்துவிட்டால் தை மாசம் திறப்பு விழா. பிரபாவுக்கு அங்கேதான் வேலை. சான்று கொடுப்பதற்கு ஒரே ஓர் இடைஞ்சல் இருந்தது. அந்தக் கர்டர் ஏற்கெனவே ஓர் ஆளைக் கொன்றிருந்தது. ஆகையால், கொல்லவில்லை என்று நிரூபித்துவிட்டார்கள்.

ராசிபுரத்தில் நான் வேலை பார்க்கும் நெய்க்கடையில் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பைபாஸ் ஓரம், சோளக்காட்டுக்கு நடுவே, அரண்மனை கணக்காக நின்றது தீத்தாங்குதிறன் ஆய்வு நிலையம். வாசலில் செக்யூரிட்டி நோட்டை நீட்டினார். காலஞ்சென்ற காளிதாஸின் மனைவி என்று எழுதினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, ‘காலஞ்சென்ற’ என்பதை அடிக்கச் சொன்னார்.

“அவரு உள்ள உசுரோட இருக்கறாருங்கம்மா. ரெக்கார்டு ஒத்துப்போவோணும். வெளிய போறப்ப வேணும்னா சேத்து எழுதிக்கங்க.”

அடித்தேன். வேறென்ன செய்வது.

இயக்குநர் வெங்கடாசலம் எழுந்து நின்று கும்பிட்டார். மனிதர் மரியாதையில் குறை வைக்கவில்லை. என்னை உட்கார வைத்து, உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தார். இதுவரை கணினிக்குள் ஓடியது சராசரி ஆளாம். குடும்பத்தார் வந்துவிட்டால் அசல் ஆளாகவே ஓட்டிக் காட்டுவார்களாம்.

“நடை எப்படீங்கம்மா?”

“வலது காலைச் சாய்ச்சு வெச்சு நடப்பாருங்க. கல்யாணத்துக்கு முன்னால போர் போடற ரிக் வண்டிக்குப் போனப்ப கால்ல பைப்பு வுழுந்துருச்சு. மொகம் வந்து...”

“முகம் வேண்டாங்க. முகத்துக்கு இந்த வருஷம் ஒதுக்கீடு இல்லை.”

அப்புறம் உலையைக் காட்டக் கூட்டிப் போனார். ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு அளவுக்குப் பெரிய அறை. மேலே கர்டரைக் கிடத்தி, அதன்மேல் பாரம் ஏற்றி, கீழே கேஸ் அடுப்புகளை எரியவிட்டு, எவ்வளவு நேரம் வளையாமல் நிற்கிறது என்று பார்ப்பதற்காகக் கட்டியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று செங்கல். உடைந்த நாற்காலிகள், பழைய பேனர்கள், ஒரு தண்ணீர் கேன். வாய்ப்பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரும்புள்ளி. உலை என்றால் அனல் அடிக்கும் என்று நினைத்திருந்தேன். அதற்குள்ளிருந்து வந்த குளிரில் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

“இதைப் பத்த வெக்கறதே இல்லீங்களா?”

“ஒருமுறை வைத்திருக்கிறோம்” என்றார் இயக்குநர், குரலில் பெருமை பொங்க. “திறப்பு விழா அன்று. டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வந்து, தேங்காய் உடைத்து, இதோ இந்த இடத்தில் கற்பூரம் ஏற்றினார். அன்றைக்கு எல்லா வெப்பமானியும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த உலைக்கு நம்மிடம் இருக்கிற ஒரே அசல் பதிவு அதுதான். நம் சாஃப்ட்வேரை அந்தப் பதிவோடு பொருத்திச் சரிபார்த்திருக்கிறோம். இன்றுவரை ஒரு டிகிரி மாறியதில்லை. வெளிநாட்டில்கூட இப்படி ஒத்துப்போகாது என்கிறார்கள்.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஏனுங்க, அப்ப கம்ப்யூட்டருக்குள்ள எரியறது கற்பூரமுங்களா?”

“அம்மா, இது பெரிய நெருப்பு, சின்ன நெருப்பு என்று பேதம் பார்க்கிற நிறுவனம் இல்லை. இதுவரை நாங்கள் சோதித்த எந்தக் கர்டரும் தோற்றதில்லை. தேக்கு நின்றிருக்கிறது. மூங்கில் நின்றிருக்கிறது. போன மாதம் ஒரு கம்பெனி தெர்மாகோல் தூண் அனுப்பியது. அதுவும் இரண்டு மணி நேரம்.”

“நெசமான தீயை வெச்சுப் பாக்கக் கூடாதுங்களா?”

அவர் முகம் வாடிவிட்டது. “நிஜ நெருப்பில் ஓர் ஒழுங்கு கிடையாது அம்மா. இன்றைக்கு ஒரு மாதிரி எரியும், நாளைக்கு ஒரு மாதிரி எரியும். அதை நம்பி ஒரு நிறுவனம் எப்படி நடத்துவது? தவிர, பற்ற வைத்தால் உலை கெட்டுப்போகும்.”

கணினி அறையில் அபிநயா என்ற பெண் இருந்தாள். கெங்கவல்லிக்காரி, இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். திரையில் அந்த மில் ஷெட் வந்தது. தூண்கள், கர்டர், மூலையில் மஞ்சளாக ஒரு தீ. வாசல் வழியாகச் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் உள்ளே வந்தது. முகம் இல்லை. வலது காலைச் சாய்த்து வைத்து நடந்தது.

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது அவர்தான். காலையில் பால் வாங்கிக்கொண்டு சந்துக்குள் நடந்து வருவாரே, அந்த நடை.

இயக்குநர் எனக்குப் பிஸ்கட் தட்டை நகர்த்தினார். இரண்டு மணி நேரம் பார்த்தேன். தீ ஒரே சீராக, சாமி முன்னால் எரிவது போல, எரிந்துகொண்டிருந்தது. கர்டர் அசையவில்லை. அவரும் சாகவில்லை. ஆனால் வெளியேயும் போகவில்லை. இரண்டாவது தூணருகே போய் நின்றார். தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பார்த்தபடியே நின்றார். தீ அணைந்தபின் அவர் உடலை எடுத்த இடம் இரண்டாவது தூணருகேதான். அது எனக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும். நிலையத்தில் யாருக்கும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

“நாங்க வாசலுக்குப் போகச் சொல்லித்தான்கா குடுத்திருக்கோம்” என்றாள் அபிநயா மெதுவாக. “ஒவ்வொரு தடவயும் அங்க போயி நின்னுக்குறாரு. அண்ணாந்து பாக்குறதுக்கு இந்த சாஃப்ட்வேர்ல வழியே கெடையாதுக்கா.”

ஒப்புதல் கையொப்பம் போடவில்லை, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். இயக்குநர் தாராளமாக வரச் சொன்னார். வெளியே போகும்போது செக்யூரிட்டி பேனாவை நீட்டினார். நான் எதையும் சேர்த்து எழுதாமல் வந்துவிட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவரைப் பார்க்கத்தான் போனேன். கடையில் கேட்டால் ஆஸ்பத்திரிக்கு என்று பொய் சொன்னேன். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டினேன். அந்த அறையில் உட்கார்ந்து, பிரபா வாங்கிய வண்டியைப் பற்றி, ஒழுகுகிற குழாயைப் பற்றித் திரையைப் பார்த்து முணுமுணுப்பேன். அபிநயா காதில் விழாதது போல இருந்துகொள்வாள். அவர் வருவார், நடப்பார், நிற்பார், மேலே பார்ப்பார். ஒரு நாளாவது என் பக்கம் திரும்ப மாட்டாரா என்று இருந்தது. இரண்டு மணி நேரம் முடிந்ததும் படம் அப்படியே நின்றுவிடும். கணினியை அணைத்துவிட்டுப் போன பிறகும் அறைக்குள் யாரோ காலைச் சாய்த்து நடப்பது கேட்கிறது என்று அபிநயா ஒரு நாள் சொன்னாள். எனக்குப் பயமாக இல்லை. அவளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

பிரபாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உலுக்கினாள். சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

“அக்கா, நீயி அங்க போயி மாமனைப் பாத்துட்டு வார. சரி. நான் அடுத்த மாசம் அந்த ஷெட்டுக்குள்ள போவோணும். அதே கர்டருக்கு அடியில நின்னு நூல் கோன் சுத்தோணும். அதை நெனச்சயா?”

“வேற மில்லுக்குப் போ புள்ள.”

“நான் போயிருவேன். என்ர கூட வர்ற அத்தன பேரும் போவாங்களா?” ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். “மாமன் அன்னிக்கு ஏன் நின்னாருன்னு உனக்குத் தெரியுமாக்கா? பொகையில எங்களுக்கு ஒண்ணுந் தெரியல. அவருதான் ரெண்டாவது தூண்கிட்ட நின்னுக்கிட்டு, மேல கர்டரைப் பாத்துக்கிட்டே, இப்ப போ, இப்ப நில்லு, இப்ப ஓடுன்னு ஒவ்வொருத்தரா அனுப்புனாரு. கடைசியா நான். திரும்பிப் பாக்காத போ சாமின்னாரு.”

ஒரு வருஷமாக இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவள் மேல் கோபம் வரும் என்று நினைத்திருப்பாள். கோபம் வரத்தான் செய்தது. எழுந்து போய் அவள் தட்டை அவள் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

கணினிக்குள் அவரைத் தவிர யாரும் இல்லாதது ஏன் என்று அடுத்த வியாழக்கிழமை இயக்குநரிடம் கேட்டேன். தப்பித்தவர்களுக்கு ஒதுக்கீடு இல்லை என்றார். ஆக, அவர் யாருமே இல்லாத ஷெட்டில் நின்று, யாரையோ அனுப்புவதற்காக மேலே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இயக்குநருக்கு அன்று என்னோடு அதிகம் பேச நேரமில்லை. தனசேகர் நெருக்குகிறாராம். இறந்தவரின் உருவம் கர்டரைச் சந்தேகமாக அண்ணாந்து பார்க்கிற படத்தைச் சான்றோடு இணைத்தால் நன்றாக இருக்காது என்கிறாராம். அந்த உருவத்தை நீக்கலாம் என்றால், நீக்கினால் ஆள் செத்ததாக அர்த்தமாகிவிடும். கழுத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்திருக்கிறார்கள். கழுத்து இல்லாமல் நல்ல உடல்நிலை என்று எப்படிச் சான்று கொடுப்பது? கடைசியில், எது நடந்தாலும் நிலையம் செய்வதையே செய்தார்கள். அவருக்குக் குறிப்பாணை, அதாவது மெமோ, கொடுத்தார்கள்.

“பெறுநர்: திரு. காளிதாஸ், கணினி உருவம். வெளியேறும் வழி திறந்திருந்தும் தாங்கள் வெளியேறாமல், நல்ல நிலையில் உள்ளதென நிலையத்தால் அறியப்பட்ட கர்டரைத் தொடர்ந்து அண்ணாந்து பார்த்து அதன் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்துள்ளீர்கள். தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.”

திரையருகே ஒட்டிப் பார்த்தார்களாம். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் என் கையில் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அதை வைத்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தேன். நான் எழுதியது இவ்வளவுதான்: அவர் மேலே பார்ப்பது கர்டர் விழப்போகிறதா என்று. விழாது என்கிறீர்கள். விழும் என்பதற்கு அவர் சார்பில் உங்கள் உலையையே சாட்சி கூப்பிடுகிறேன். நிஜத் தீயைப் பற்ற வையுங்கள்.

அந்த மெமோவுக்கான விசாரணை நாளில் இயக்குநர் என் பதிலைப் படித்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிர்வாக அதிகாரி வீரபாகு அதை எடுத்து மறுபடி பிரித்தார். ஓய்வுபெற இன்னும் சில மாதமே இருக்கிற மனிதர். தணிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார்.

“சார், இதை ஒதுக்க முடியாதுங்க” என்றார். “பொதுமக்கள் கேட்டா உலையைப் பத்த வெக்க வேண்டியதில்லீங்க. மில்லு கேட்டாலும் வேண்டியதில்லீங்க. ஆனா விசாரணைன்னு வந்துட்டா, குற்றஞ்சாட்டப்பட்டவரு கூப்புடற சாட்சியக் கேக்காம முடிக்கக் கூடாதுங்க. நாளைக்குத் தணிக்கையில என்ர பென்சன நிறுத்திருவாங்க.”

“வீரபாகு, அவர் ஓர் உருவம்.”

“மெமோ குடுத்தது நாமதானுங்களே சார்.”

இயக்குநர் என் பதிலை வாங்கி, ‘அனுமதி’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தார். உயிரோடு இருக்கிற பெண்களுக்காக எரியாத உலை, முகம்கூட இல்லாத ஓர் உருவத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்காக எரியப் போகிறது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வெளியே தாழ்வாரத்தில் அபிநயா என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, உலையில எடுக்குற சூட்டத்தான் அப்புறம் கம்ப்யூட்டர்ல போடுவாங்க. போட்டா, அவரு... தெரியும்ல?”

“தெரியும் சாமி” என்றேன்.

தெரியாமல் என்ன? அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்புதான். விசாரணையே வேண்டாம், அவர் அங்கே காலமெல்லாம் அண்ணாந்து பார்த்தபடி நிற்கட்டும், நான் வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்துவிட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். பிரபா தூங்கும்போது முகத்தைப் பார்ப்பேன். அதோடு அந்த நினைப்பு போய்விடும். மறுபடி வரும்.

உலையிலிருந்து நாற்காலிகளை வெளியே எடுத்தார்கள். பேனர்களை எடுத்தார்கள். நிலையத்து ஆட்கள் அத்தனை பேரும் புது பூட்சு போட்டுக்கொண்டு தூரமாக நின்றார்கள். தீத்தாங்குதிறனில் டாக்டர் பட்டம் வாங்கிய இரண்டு பேர், தீப்பெட்டி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தனசேகரின் கர்டரை மேலே கிடத்திப் பாரம் ஏற்றினார்கள். நான் பிரபாவையும் கூட்டிப் போயிருந்தேன். கேஸ் பற்றியதும் ஒரு உறுமல் கிளம்பியது. கூட்டம் இரண்டடி பின்னால் போனது. வெள்ளைச் செங்கல் சிவந்தது. கற்பூரப் புள்ளி எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். குடித்து முடித்த டம்ளரை வைக்க நான் இடம் தேடிக்கொண்டிருந்தபோது மேலே கர்டர் முனகியது. வயசான மாடு எழ முடியாமல் முனகுமே, அப்படி. பிரபாவின் நகங்கள் என் கையில் இறங்கின.

“இந்தச் சத்தந்தான்க்கா.”

நடுவில் தொய்ந்தது. அப்புறம் மடங்கிக் கீழே வந்தது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

இயக்குநர்தான் முதலில் வெப்பமானிகளைப் போய்ப் பார்த்தார். “உலையில் ஏதோ கோளாறு. சாஃப்ட்வேரோடு ஒத்துப்போகவே இல்லை” என்றார். வீரபாகு அதற்குள் சாட்சியத்தைப் பதிவு செய்து கையொப்பம் வாங்கியிருந்தார்.

கணினி அறையில் அபிநயா புதுச் சூட்டை ஏற்றினாள். நான், பிரபா, இயக்குநர், வீரபாகு. படம் ஓடத் தொடங்கியது. இந்தத் தடவை தீ சாமி முன்னால் எரிகிற தீயாக இல்லை. புகை கூரையோடு ஓடியது. அவர் உள்ளே வந்தார், காலைச் சாய்த்து. இரண்டாவது தூணருகே போய் நின்றார். மேலே பார்த்தார். அவர் கை உயர்ந்து வாசல் பக்கம் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

“இதுவும் நாங்க குடுக்கலக்கா” என்றாள் அபிநயா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியாகக் கை அசைந்தபோது பிரபா வாயைப் பொத்திக்கொண்டாள். அது முடிந்ததும் அவர் தலையைத் தாழ்த்தினார். இத்தனை வியாழக்கிழமையில் முதல் தடவையாக எங்கள் பக்கம் திரும்பினார். முகம் இல்லை என்றார்களே, எனக்கு இருந்தது. கர்டர் வந்தது. படம் சாம்பலாகி நின்றுவிட்டது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“இத்தனை நாள் எங்கள் பொறுப்பில் நல்லபடியாக இருந்தார் அம்மா. ஒரு குறையும் வைக்கவில்லை. நீங்கள்தான் பிடிவாதமாக இருந்தீர்கள். எங்கள் நிலையத்தில் இதுவரை ஒரு சாவும் நடந்ததில்லை. பொறுப்பு யாருடையது என்று பதிவாக வேண்டும்.”

ஒரு தாளை நகர்த்தினார். “மனுதாரரின் வற்புறுத்தலின் பேரில் நிஜத் தீ பயன்படுத்தப்பட்டதால், இதுவரை உயிருடன் இருந்த திரு. காளிதாஸ் இறந்தார். கர்டர் தகுதியற்றது. இரண்டுக்கும் மனுதாரரே பொறுப்பு” என்று இருந்தது.

பிரபா தாளைப் பிடுங்கப் பார்த்தாள். நான் அவள் கையை விலக்கினேன். கர்டர் தகுதியற்றது என்கிற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது இருந்தால் அந்த ஷெட்டைத் திறக்க முடியாது. மற்ற வரிகள் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் செக்யூரிட்டி எழுந்து நின்றார். அதற்குள் சேதி வந்துவிட்டது போலிருக்கிறது. நோட்டைத் திருப்பி வைத்து, நான் முதல் நாள் எழுதிய பக்கத்தைத் தேடி எடுத்தார். பேனாவைத் திறந்து கொடுத்தார். பிரபா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள். நான் குனிந்து, அடித்திருந்த சொல்லுக்கு மேலே, ‘காலஞ்சென்ற’ என்று மறுபடி எழுதினேன்.